காஸ்மாஸுக்குத் தொட்டிதான் நிலம்

கொல்லையில் இடமில்லாதவர்கள்தான் தொட்டியில் செடி வைப்பார்கள் என்பது நம் பக்கத்தில் பரவலாக உள்ள எண்ணம். கும்பகோணத்துக்கும் மயிலாடுதுறைக்கும் நடுவில், வாழையும் தென்னையும் நிற்கிற கொல்லையோடு கூடிய வீட்டில் இருந்துகொண்டு, காஸ்மாஸை மட்டும் மொட்டைமாடித் தொட்டிகளில் வளர்க்கிறேன் என்றால், வருகிறவர்கள் கேட்கத்தான் செய்கிறார்கள்: "இவ்வளவு மண்ணு கிடக்கே, இதை எதுக்கு மாடியில தூக்கி வச்சிருக்கே?" கேள்வி நியாயமானது. அதற்கு நிதானமாகப் பதில் சொல்லும் அளவுக்கு இந்தப் பூவின் மேல் எனக்குப் பற்று உண்டு. காவிரிப் படுகையில் காஸ்மாஸுக்கு நிலத்தைவிடத் தொட்டியே ஏற்ற இடம் என்பது என் உறுதியான கருத்து. நிலம் கெட்டது என்பதால் அப்படிச் சொல்லவில்லை. நம் நிலம் அந்தச் செடிக்கு மிகவும் நல்லதாக இருப்பதுதான் காரணம்.

செடியின் பூர்வீகத்தைத் தெரிந்துகொண்டால் பாதி விளங்கிவிடும். காஸ்மாஸ் மெக்சிகோ நாட்டுச் செடி. மழைக்காலத்தில் முளைத்து, மழை ஓய்ந்து பகல் குறுகத் தொடங்கும்போது பூத்து, விதையை உதிர்த்துவிட்டு ஒரே பருவத்தில் வாழ்வை முடித்துக்கொள்ளும் ஓராண்டுத் தாவரம் அது. அங்கே மேட்டுச் சரிவுகளிலும் பாதையோரங்களிலும் யாரும் எருவிடாமல், யாரும் தண்ணீர் பாய்ச்சாமல் தானாக வளர்கிறது. அங்கிருந்து மாட்ரிட் நகரத்து அரசத் தாவரவியல் தோட்டத்துக்கு வந்து சேர்ந்த செடிகளைப் பார்த்து, அந்தோனியோ ஹொசே கவானில்லெஸ் என்ற ஸ்பானியத் தாவரவியலாளர் 1791ஆம் ஆண்டு அதற்கு இன்றைய பெயரை இட்டார். டாலியாவுக்குப் பெயரிட்டவரும் அவரே, ஆண்டும் அதுவே. செண்டுமல்லி, ஜினியா, டாலியா, காஸ்மாஸ் நான்கும் சூரியகாந்திக் குடும்பத்தைச் சேர்ந்தவை. நான்கும் மெக்சிகோவிலிருந்து உலகெங்கும் போனவை. இவற்றில் செண்டுமல்லி நம் ஊர்ப் பூவாகவே மாறி, மாலையில் ஏறி, ஆயுத பூசைக்கு லாரியின் முகப்பில் தொங்குகிற அளவுக்குச் சொந்தமாகிவிட்டது. காஸ்மாஸ் இன்னும் பள்ளிக்கூடத்து வேலியோரமும் ரயில் நிலையத்துப் பூப்பாத்தியும் தாண்டி வீட்டுக்குள் சரியாக வரவில்லை.

நம் மண்ணைப் பார்ப்போம். காவிரி காலங்காலமாகக் கொண்டுவந்து சேர்த்த வண்டல் இது. பெரும்பகுதி களிப்பு மிகுந்தது. கட்டிவைத்த தண்ணீர் கீழே இறங்காமல் நிற்பது நெல்லுக்கு வேண்டிய குணம். அதே குணம் காஸ்மாஸின் வேருக்கு ஆகாது. ஐப்பசியிலும் கார்த்திகையிலும் கொல்லை முழுவதும் சொதசொதவென்று இருக்கும்போது வேருக்குக் காற்றோட்டம் இல்லாமல் தண்டின் அடி கறுத்து அழுகிவிடும். பங்குனியில் அதே மண் பாளம் பாளமாக வெடித்து வேரை அறுத்துவிடும். இடையில் தை, மாசியில் நிலம் பதமாக இருக்கும் நாட்களிலும் வேறொரு சிக்கல் உண்டு. மாட்டுச் சாணமும் வாழைச் சருகும் இலைதழையும் பல தலைமுறையாக விழுந்து மக்கிய கொல்லை மண்ணில் தழைச்சத்து மிகுந்து கிடப்பதால், செடி ஆளுயரம் வளர்ந்து, இலையாகவே தழைத்து, பூவைத் தள்ளிப்போட்டுக்கொண்டே போய், கடைசியில் ஒரு காற்றுக்குச் சாய்ந்துவிடும். செழிப்பு ஒரு செடிக்குத் தடையாக இருக்கும் என்பதைப் பொன் விளைகிற பூமியில் பிறந்தவர்கள் சட்டென்று ஒப்புக்கொள்வதில்லை. தொட்டியில் வைக்கும்போது மண்ணின் வளத்தை நாமே அளந்து குறைக்கலாம், தண்ணீர் நிற்காமல் வடிக்கலாம், புயல் வந்தால் தூக்கித் தாழ்வாரத்தில் வைக்கலாம். இந்த மூன்றையும் கொல்லை மண்ணில் செய்ய முடியாது.

விதைக் கடையில் காஸ்மாஸ் என்று கேட்டால் இரண்டு வேறு செடிகளின் விதைகள் ஒரே பெயரில் கிடைக்கின்றன. இந்த வேறுபாடு தெரியாமல் விதை வாங்கினால் பருவம் தவறிப்போகும். ஒன்று காஸ்மாஸ் பைபின்னேட்டஸ்: இலை சதகுப்பையின் இலையைப்போல நூலிழையாகப் பிரிந்திருக்கும், பூ வெள்ளை, இளஞ்சிவப்பு, கருஞ்சிவப்பு நிறங்களில் இருக்கும். மற்றது காஸ்மாஸ் சல்ஃப்யூரியஸ்: இலைப் பிளவுகள் அகலமானவை, பூ மஞ்சளிலிருந்து ஆரஞ்சு வழியாகச் செங்கல் சிவப்பு வரை போகும். முதலாவதை இளஞ்சிவப்புக் காஸ்மாஸ் என்றும் இரண்டாவதை மஞ்சள் காஸ்மாஸ் என்றும் இங்கே குறிப்பிடுகிறேன். மஞ்சள் காஸ்மாஸ் நம் வெயிலைத் தாங்கும். இளஞ்சிவப்புக் காஸ்மாஸுக்கு மார்கழி, தை மாதங்களின் குளிர்ச்சி வேண்டும். சித்திரை வெயிலில் அதன் இதழ்கள் சிறுத்து, நிறம் வெளிறி, செடி சீக்கிரமே காய்ந்துவிடும். கிழங்கிலிருந்து வளர்கிற, அடர்ந்த பழுப்புச் சிவப்புப் பூவுடைய சாக்லேட் காஸ்மாஸ் என்ற மூன்றாவது வகையும் உண்டு. நம் வெப்பத்துக்கு அதை நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன்.

இளஞ்சிவப்புக் காஸ்மாஸிலும் உயர ரகம், குட்டை ரகம் என்ற பிரிவு இருக்கிறது. 1936ஆம் ஆண்டு அமெரிக்காவில் சிறந்த தோட்டச் செடிக்கான விருதைப் பெற்ற சென்சேஷன் வரிசைதான் இன்றும் விதைப் பொட்டலங்களில் அதிகம் காணப்படுவது. அது நான்கு அடிக்கு மேல் போகக்கூடியது. சொனாட்டா வரிசை ஒன்றரை அடியிலிருந்து இரண்டு அடிக்குள் நின்றுவிடும். மொட்டைமாடியில் காற்று வேகம் அதிகம் என்பதால், தொட்டிக்குக் குட்டை ரகமே நல்லது. உயர ரக விதைதான் கிடைத்தது என்றாலும் மனம் தளர வேண்டாம். அதற்குக் காரணம் நம் ஊரின் பகல் பொழுதில் இருக்கிறது.

காஸ்மாஸ் குறும்பகல் செடி. பகல் நீண்டிருந்தால் உயரமாக வளர்ந்துகொண்டே போகும். பகல் குறுகினால் மொட்டு வைக்கத் தொடங்கும். இங்கிலாந்து போன்ற நாடுகளில் கோடைப் பகல் பதினாறு மணி நேரத்தைத் தொடுவதால் செடிக்கு வளர நீண்ட அவகாசம் கிடைக்கிறது. தஞ்சை மாவட்டத்திலோ ஆனி மாதத்து மிக நீண்ட பகலே ஏறத்தாழ 12 மணி 45 நிமிடம்தான். மார்கழியில் அது 11 மணி 30 நிமிடத்துக்கு இறங்கிவிடுகிறது. ஆகவே இங்கே காஸ்மாஸ் எந்த மாதத்தில் விதைத்தாலும் இளம் வயதிலேயே பூவுக்கு அவசரப்படும். உயர ரகமும் இங்கே தன் முழு உயரத்துக்குப் போகாமலேயே மொட்டு விடுவது இதனால்தான். விவசாயக் குடும்பங்களில் பிறந்தவர்களுக்கு இது புதிய செய்தியாக இருக்காது. பழைய நீண்டகாலச் சம்பா ரகங்கள் பலவும் எப்போது விதைத்தாலும் பகல் குறுகும் காலத்தில்தான் கதிர் விடும் என்பதை நம் தாத்தாக்கள் பார்த்தே வைத்திருந்தார்கள். காஸ்மாஸின் இந்த அவசரத்தைத் தெரிந்துகொண்டவர்கள், வெளிநாட்டுத் தோட்டக் குறிப்புகளில் உள்ள உயரத்தையும் இடைவெளியையும் அப்படியே எடுத்துக்கொள்ளாமல், சற்று நெருக்கமாக நடவும் சற்று முன்னதாகவே நுனி கிள்ளவும் பழகிக்கொள்வார்கள்.

தொட்டிக்கு வருகிறேன். வேளார் செய்கிற சுட்ட மண் தொட்டிக்கு ஈடாக எதையும் நான் சொல்ல மாட்டேன். அதன் பக்கச்சுவர் வழியாக ஈரம் ஆவியாகிப் போவதால் உள்ளே வேர் குளிர்ச்சியாக இருக்கிறது. கூடுதலாக விட்ட தண்ணீரும் தங்குவதில்லை. பன்னிரண்டு அங்குல அகலமும் அதே ஆழமும் உள்ள தொட்டியில் குட்டை ரகம் மூன்று செடி, உயர ரகம் என்றால் இரண்டு செடி வைக்கலாம். ஒற்றைச் செடியைவிட மூன்று சேர்ந்து நின்றால் ஒன்றுக்கொன்று தாங்கலாக இருக்கும். மண் தொட்டி கிடைக்காதவர்கள் இருபது லிட்டர் பெயிண்ட் வாளியைப் பயன்படுத்தலாம். அடியில் மட்டும் துளையிடாமல், அடியிலிருந்து ஒரு விரற்கடை மேலே பக்கவாட்டிலும் நான்கைந்து துளைகள் போட வேண்டும். தளத்தில் ஒட்டி உட்கார்ந்த வாளியின் அடித்துளை சேற்றால் அடைத்துக்கொண்டாலும் பக்கத்துளை வழியாகத் தண்ணீர் வெளியேறிவிடும். எந்தத் தொட்டியானாலும் இரண்டு செங்கல் மேல் தூக்கி வைக்க வேண்டும். வெயிலில் காய்ந்த தளத்தின் சூடு நேராக வேருக்கு ஏறாமல் இருக்கவும், வடிநீர் தடையின்றிப் போகவும் அந்த இரண்டு அங்குல இடைவெளி போதும். தொட்டிக்கு அடியில் பிளாஸ்டிக் தட்டு வைப்பது தளத்தைக் காக்கும்; செடியைக் கொன்றுவிடும்.

மண் கலவைதான் இந்த வேலையில் மிக முக்கியமான பகுதி. வயல் மண்ணையோ கொல்லை மண்ணையோ தொட்டியில் நிரப்பக் கூடாது. நாலு முறை தண்ணீர் விட்டதும் அது இறுகிக் கட்டியாகிவிடும். தஞ்சாவூருக்கு மேற்கே வல்லம், செங்கிப்பட்டிப் பக்கத்தில் நிலம் மேடேறி மண் சிவக்கிறது. அங்கிருந்து வரும் செம்மண்தான் காஸ்மாஸுக்கு உகந்தது. அதில் இரண்டு பங்கு எடுத்துக்கொண்டால், உமிக்கரி ஒரு பங்கு, தென்னை நார்க்கழிவு அரைப் பங்கு, நன்றாக மக்கிப் பொடியான தொழு உரம் அரைப் பங்கு சேர்க்கலாம். உமிக்கரிக்கு நாம் கொடுத்துவைத்தவர்கள். அரிசி ஆலைகள் நிறைந்த ஊர்களில் அது எளிதாகக் கிடைக்கிறது. ஆனால் பார்த்து வாங்க வேண்டும். பாதி எரிந்து, உமியின் வடிவம் கலையாமல் கறுப்பாக இருப்பதுதான் தேவை. அது மண்ணைப் பொலபொலவென்று வைத்திருக்கும். முழுதும் எரிந்து சாம்பல் நிறத்தில் மாவாகிப்போனது தண்ணீர் பட்டதும் களிபோல அடைத்துக்கொள்வதோடு மண்ணின் காரத்தன்மையையும் கூட்டிவிடும். நார்க்கழிவு பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கத்துக் கயிறு ஆலைகளிலிருந்து வருவது; அதில் உப்பு இருக்கும் என்பதால் ஓர் இரவு ஊறவைத்துப் பிழிந்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, மறுபடியும் அலசிச் சேர்க்க வேண்டும். ஆற்று மணலைத் தேடி அலைய வேண்டியதில்லை. மணல் செய்கிற வேலையை உமிக்கரி செய்துவிடுகிறது, ஆற்றில் மிஞ்சியிருக்கும் மணல் ஆற்றிலேயே இருக்கட்டும். கலவை சரியாக இருக்கிறதா என்று பார்க்க ஒரு கைப்பிடி எடுத்து, ஈரமாக்கி, உருண்டை பிடித்து, விரலால் தட்டிப் பார்க்கலாம். தட்டியதும் உதிர்ந்தால் சரி. கொழுக்கட்டை மாவாக அழுந்தினால் இன்னும் கொஞ்சம் உமிக்கரி வேண்டும்.

விதைப்புக்கு நம் பக்கத்தில் இரண்டு பட்டம் உண்டு. மஞ்சள் காஸ்மாஸை ஆடிப் பதினெட்டை ஒட்டி விதைக்கலாம். காவிரியில் புதுத்தண்ணீர் ஓடுகிற அந்த நாட்களில் போட்ட விதை, ஏறக்குறைய இரண்டு மாதத்தில், நவராத்திரிக் கொலு வைக்கும் வேளையில் பூத்து நிற்கும். இளஞ்சிவப்புக் காஸ்மாஸுக்குக் கார்த்திகைக் கடைசி சரியான காலம். வடகிழக்குப் பருவமழையின் கனம் குறைந்து, மார்கழிப் பனி இறங்கும்போது நாற்று வளரத் தொடங்கி, மாசி முழுவதும் பூக்கும். பொங்கலுக்கே பூ வேண்டும் என்று ஆசைப்படுகிறவர்கள் ஐப்பசிக் கடைசியில் விதைத்து, மழை முடியும்வரை தொட்டியைத் தாழ்வாரத்திலோ கூரை நிழலிலோ வெளிச்சம் படும்படி வைத்துக் காப்பாற்ற வேண்டும். அந்த மாதங்களில் வானிலை அறிவிப்பைக் கேட்டுக்கொண்டே இருப்பது டெல்டாவில் எல்லாருக்கும் பழகிப்போன ஒன்று. 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் வேதாரண்யம் அருகே கரையேறிய பிறகு, நாற்பது ஆண்டுத் தென்னையே வேரோடு சாய்ந்து கிடந்ததைப் பார்த்தவர்கள், மாடியில் பூந்தொட்டியை அப்படியே விட்டுவிட்டுத் தூங்கப் போகமாட்டார்கள்.

காஸ்மாஸ் விதை முக்கால் அங்குலம் வரை நீளமாக, மெலிந்து, சற்று வளைந்து, கரும்பழுப்பாக இருக்கும். நாற்றங்காலில் வளர்த்துப் பிடுங்கி நடுவதைவிட நேரடியாகத் தொட்டியிலேயே ஊன்றுவது நல்லது. கால் அங்குல ஆழம் போதும். படுக்கைவாக்கில் வைத்து மேலே மெல்லிய மண் தூவ வேண்டும். நம் வெப்பத்தில் ஒரு வாரத்துக்குள் முளைத்துவிடும். அதுவரை எறும்பு விதையை இழுத்துக்கொண்டு போகாமல் இருக்கத் தொட்டியின் விளிம்பைச் சுற்றி மஞ்சள் தூள் தூவுவது எங்கள் வீட்டு வழக்கம். தேவையைப்போல் இரண்டு பங்கு விதை போட்டு, நான்கு இலை வந்ததும் வலுவானவற்றை விட்டுவிட்டு மற்றவற்றைக் கத்தரியால் வெட்டிவிடலாம். பிடுங்கினால் பக்கத்துச் செடியின் வேரும் அசையும். மஞ்சள் காஸ்மாஸின் இளஞ்செடி பார்ப்பதற்குப் பார்த்தீனியம்போல் இருப்பதால், வீட்டில் உதவிக்கு வருகிறவர்களிடம் முன்கூட்டியே காட்டி வைப்பது நல்லது. நல்ல மனத்தோடு களையெடுத்துத் தந்துவிடுவார்கள்.

செடி முக்கால் அடி உயரம் வந்ததும் நுனியைக் கிள்ள வேண்டும். பிஞ்சுச் செடியின் தலையைக் கிள்ளப் பலருக்கும் மனம் வருவதில்லை. ஆனால் கிள்ளிய இடத்துக்குக் கீழே ஒவ்வொரு கணுவிலும் எதிரெதிராக இரண்டு இலை, இரண்டு இலைக்கும் இரண்டு கிளை என்று புறப்படும். ஒற்றைத் தண்டாக நீண்டு ஆடுகிற செடி, கிளைகளோடு புதராகக் கட்டுப்படும். உயர ரகத்துக்கு மட்டும் மூங்கில் சிம்பு மூன்றை ஊன்றி வாழைநாரால் தளர்வாகச் சுற்றிக் கட்டலாம்.

தண்ணீரைப் பற்றிப் பேசும்போதுதான் டெல்டாக்காரர்களாகிய நம் பழக்கத்தோடு இந்தச் செடி மோதுகிறது. மேட்டூர் அணை ஜூன் 12ஆம் தேதி திறக்குமா என்று காத்திருக்கும் மக்கள் நாம். தண்ணீர் இருக்கும்போது விட்டுவிட வேண்டும் என்பது நம் உடம்பில் ஊறிய எண்ணம். காலையில் ஒரு சொம்பு, மாலையில் ஒரு சொம்பு என்று ரோஜாவுக்கும் துளசிக்கும் விடுகிற கை காஸ்மாஸையும் விட்டுவைப்பதில்லை. ஆட்காட்டி விரலைத் தொட்டி மண்ணில் இரண்டு கணு ஆழத்துக்கு விட்டுப் பார்த்து, ஈரம் தட்டுப்பட்டால் அன்று தண்ணீர் வேண்டாம். காய்ந்திருந்தால், அடித்துளையில் ஒழுகும்வரை ஒரேயடியாக விட்டுவிட்டு, மறுபடியும் காயும்வரை தொட வேண்டாம். மார்கழி, தை மாதங்களில் இது இரண்டு மூன்று நாளுக்கு ஒரு முறையாக அமையும். பங்குனி வெயிலில் நாள்தோறும் தேவைப்படும், ஏனென்றால் தொட்டியில் இருக்கும் மண் கொஞ்சம்தான். உச்சி வெயிலில் இலை துவள்வதைப் பார்த்துப் பதற வேண்டியதில்லை. மாலையில் தானாக நிமிர்ந்தால் வேரில் ஈரம் இருக்கிறது என்று பொருள். நாகப்பட்டினம், வேதாரண்யம் போன்ற கடலோர ஊர்களில் இருப்பவர்களுக்கு ஒரு கூடுதல் எச்சரிக்கை உண்டு. அங்கே ஆழ்குழாய்த் தண்ணீரில் உப்பு ஏறியிருப்பதால், மண் தொட்டியின் வெளிப்புறத்தில் வெள்ளையாகப் படியத் தொடங்கினாலோ இலையின் நுனி கருகினாலோ, பிடித்துவைத்த மழைநீரையோ குடிநீரையோ தாராளமாக ஊற்றி உப்பை அடித்துளை வழியாக வெளியேற்ற வேண்டும்.

உரத்தில் இதைவிடவும் கண்டிப்பு தேவை. கலவையில் சேர்த்த அந்த அரைப் பங்குத் தொழு உரமே பருவம் முழுமைக்கும் போதுமானது. ரோஜாவுக்காகப் புளிக்க வைத்த கடலைப் புண்ணாக்குக் கரைசலில் மிச்சம் இருக்கிறது என்று காஸ்மாஸுக்கு ஊற்றக் கூடாது. கடலைப் புண்ணாக்கில் தழைச்சத்து ஏறத்தாழ ஏழு விழுக்காடு இருக்கிறது, அது முழுவதும் இலையாகத்தான் மாறும். யூரியா, டி.ஏ.பி. இரண்டையும் இதன் பக்கத்தில் கொண்டுவரவே வேண்டாம். முதல் பூ வந்த பிறகு விறகடுப்புச் சாம்பல் ஒரு தேக்கரண்டியைத் தொட்டி விளிம்பில் தூவிக் கிளறிவிடலாம். அதில் சாம்பல் சத்து உண்டு, தழைச்சத்து இல்லை. அன்பு மிகுந்தவர்கள் கையில்தான் காஸ்மாஸ் பூக்காமல் போகிறது என்று சொன்னால் சிலர் வருத்தப்படுவார்கள்; என்றாலும் பக்கத்து வீடுகளில் பச்சைப் பசேலென்று தழைத்து ஒரு மொட்டும் இல்லாமல் நிற்கிற செடிகளைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அதைச் சொல்லத்தான் தோன்றுகிறது.

இவ்வளவு சிக்கனமாக வளர்ந்த செடி என்ன தருகிறது என்பதை ஒரு காலை நேரம் தொட்டியின் அருகில் உட்கார்ந்து பார்த்தால்தான் தெரியும். நாம் ஒரு பூ என்று சொல்வது உண்மையில் ஒரு கூட்டம். வெளிவட்டத்தில் இதழ்போல விரிந்திருக்கும் எட்டும் எட்டுத் தனிப் பூக்கள். அவை மலடு, பூச்சியை அழைப்பது மட்டுமே அவற்றின் வேலை. நடுவில் உள்ள மஞ்சள் வட்டில் ஒவ்வொரு புள்ளியும் ஒரு முழுமையான சிறு பூ. அவை எல்லாம் ஒரே நாளில் திறப்பதில்லை. விளிம்பிலிருந்து உள்நோக்கி, வரிசை வரிசையாக நாளுக்குக் கொஞ்சமாகத் திறக்கின்றன. இளஞ்சிவப்புக் காஸ்மாஸில் திறந்த சிறு பூவிலிருந்து கரும்பழுப்பு நிறத்தில் ஒரு மெல்லிய குழல் எழுந்து நிற்கும். அதன் உச்சியில் மஞ்சள் மகரந்தம் ஒரு துளியாகத் தள்ளப்பட்டு உட்கார்ந்திருக்கும். வெயில் ஏறும்போது கொசுத்தேனீக்கள் வந்து அந்த வட்டத்தின் திறந்த வரிசையில் மட்டும் சுற்றிச் சுற்றி நடக்கின்றன. திறக்காத நடுப்பகுதியை ஒன்றுகூடத் தீண்டுவதில்லை. வெந்தய வரியன் வண்ணத்துப்பூச்சி வந்தால் இதழின் மேல் கால் பதித்து, நீண்ட உறிஞ்சுகுழலை ஒவ்வொரு சிறு பூவாக இறக்கிப் பார்த்துக்கொண்டு வெகுநேரம் இருக்கும்.

பூவைத் தொடர்ந்து வரவழைக்க, வாடிய தலைகளை வெட்டிக்கொண்டே இருக்க வேண்டும். விதை முற்றிவிட்டால் செடி தன் கடமை முடிந்ததாக எடுத்துக்கொண்டு பூப்பதைக் குறைத்துவிடும். புதிதாக வளர்ப்பவர்களுக்கு இதழ் உதிர்ந்த தலைக்கும் வரப்போகும் மொட்டுக்கும் வித்தியாசம் தெரியாமல் மொட்டை வெட்டிவிடுவார்கள். மொட்டு உருண்டையாக, மேற்பக்கம் தட்டையாக, சட்டைப் பொத்தான் அளவில் இருக்கும்; தொட்டால் கெட்டியாக இருக்கும். உதிர்ந்த தலையோ உள்ளே விதை நீண்டுகொண்டு வருவதால் கூம்பாக நீண்டிருக்கும். அதைப் பூக்காம்பின் நீளத்துக்குப் பாதியில் வெட்டாமல், கீழே முதல் இலைக்கணு வரை இறங்கி வெட்டினால் அந்தக் கணுவிலிருந்து அடுத்த கிளை வரும்.

நோயும் பூச்சியும் இதற்குக் குறைவு. நாற்றுப் பருவத்தில் ஈரம் மிகுந்தால் நாற்றழுகல் வரும். மேலே சொன்ன கலவையிலும் அளவான தண்ணீரிலும் அது அநேகமாக வராது. தை, மாசியில் பகல் வறண்டு இரவு பனி பெய்யும்போது கீழ் இலைகளில் சாம்பல் நோய் வெள்ளையாகப் படரும். அந்த இலைகளைக் கிள்ளிவிட்டு, தொட்டிகளை ஒன்றுக்கொன்று தள்ளி வைத்துக் காற்றோட்டம் கொடுக்க வேண்டும். அசுவினியும் மாவுப்பூச்சியும் இளந்தண்டில் ஒட்டினால் முதலில் தண்ணீரைப் பீய்ச்சி அடித்துப் பார்க்கலாம். போகாவிட்டால் ஒரு லிட்டர் தண்ணீருக்கு 5 மில்லி வேப்பெண்ணெயைக் கொஞ்சம் காதி சோப்புக் கரைசலோடு கலந்து மாலையில் தெளிக்கலாம். தேனீ வரும் காலை நேரத்தில் எதையும் தெளிக்கக் கூடாது.

"தலையில வைக்கவும் ஆகாது, சாமிக்குப் போடவும் ஆகாது, அப்புறம் எதுக்குடி இந்தப் பூ?" என்று என் அத்தை கேட்டார். அவர் சொன்னதில் தவறில்லை. இதற்கு மணம் இல்லை, இதழ் மெலிது, நாரில் வைத்துக் கட்டினால் ஒரு நாழிகை தாங்காது. ஆனால் மாடித் தொட்டிக்கு வரும் தேனீக்கள் அங்கேயே நின்றுவிடுவதில்லை. கீழே கொல்லையில் இருக்கிற பரங்கிக்கும் பாகலுக்கும் வெள்ளரிக்கும் போகின்றன. இந்தக் கொடிகளில் ஆண் பூவும் பெண் பூவும் தனித்தனி என்பதால் பூச்சி வராமல் பிஞ்சு பிடிக்காது. அத்தையிடம் இதைச் சொன்னேன். மறுமுறை வந்தபோது, இதழ் முழுதும் விரியாத பூக்களாகப் பார்த்து, விடியற்காலையில் நீளமான காம்போடு வெட்டி, ஒரு செம்பில் போட்டுக் கூடத்தில் வைத்திருந்தேன். அவர் இருந்த நாட்களில் அவை வாடவில்லை. போகும்போது விதை கேட்டார்.

விதை எடுப்பதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. இளஞ்சிவப்புக் காஸ்மாஸின் பூ தன் மகரந்தத்தைத் தானே ஏற்றுக்கொள்வதில்லை. வேறு செடியின் மகரந்தம் வந்து சேர்ந்தால்தான் விதை பிடிக்கும். ஒரே ஒரு செடி வைத்திருப்பவர்களுக்குப் பதர்தான் மிஞ்சும். குறைந்தது நான்கைந்து செடிகளாவது ஒன்றாகப் பூத்தால் நல்ல விதை கிடைக்கும். நிறங்கள் கலந்து நின்றால் அடுத்த ஆண்டு நிறமும் கலந்துதான் வரும். வெள்ளை மட்டும் வேண்டும் என்கிறவர்கள் வெள்ளையை மட்டும் தனியாக வளர்க்க வேண்டும். மாசிக் கடைசியில் வெட்டுவதை நிறுத்திவிட்டு, சில தலைகளைச் செடியிலேயே முற்றவிட்டு, விதை கறுத்து நட்சத்திரம்போல விரியும்போது பறித்து, நிழலில் உலர்த்தி, காகித உறையில் மாதத்தையும் நிறத்தையும் எழுதி வைத்துக்கொள்ளலாம். பிளாஸ்டிக் பையில் போட்டால் நம் காற்றின் ஈரத்துக்குப் பூஞ்சணம் பிடித்துவிடும்.

பருவம் முடிந்து பிடுங்கிய செடிகளை, குறிப்பாக மஞ்சள் காஸ்மாஸை, விதைத் தலைகளோடு வாய்க்கால் கரையிலோ வரப்பிலோ கொட்டிவிடக் கூடாது என்பதைத் தோட்டப் பிரியர்கள் எல்லாரிடமும் வேண்டிக் கேட்டுக்கொள்கிறேன். அதன் விதையின் நுனியில் உள்ள முட்கள் துணியிலும் மாட்டு மயிரிலும் ஒட்டிக்கொண்டு வெகுதூரம் போகும். தானாக முளைத்துப் பரவும் திறன் அதற்கு அதிகம். அழகுக்காக வந்த ஆகாயத்தாமரையும் வேலிக்காக வந்த நெய்வேலிக் காட்டாமணக்கும் நம் வாய்க்கால்களை அடைத்துக்கொண்டு கிடப்பதை நாள்தோறும் பார்க்கிறோம். அவையும் அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்தவையே. ஆகவே விதைத் தலைகளை முதலில் வெட்டித் தனியே எடுத்துவிட்டு, மீதிச் செடியை நறுக்கி மக்குக் குழியில் போடலாம். தொட்டி மண்ணைக் கொட்டி, பழைய வேரைப் பொறுக்கி எறிந்து, அக்கினி நட்சத்திர வெயிலில் தார்ப்பாய் மேல் பரப்பிக் காயவைத்து, மூட்டையாகக் கட்டி வைத்தால், ஆடிப் பட்டத்துக்கு ஒரு கூடை புது உமிக்கரியும் ஒரு கை எருவும் சேர்த்து அதையே மறுபடியும் நிரப்பிக்கொள்ளலாம்.